பட்டாவில் ஏறாத பாத்தியம்

ஊர்ப்பற்று என்று தலைப்புக் கொடுத்தால், பேச வருகிறவர் தேர், தெப்பக்குளம், ஆற்றங்கரை ஆலமரம் என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருக்கும் ஊர்களில் ஆறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிறது. காற்றில் பச்சைத்தோலின் வாடை. குடிநீர் காவிரியிலிருந்து குழாயில் வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, இவற்றுக்கெல்லாம் சந்தையும் ஆஸ்பத்திரியும் கோர்ட்டுமாக வேலூர் என்று பாலாற்றை ஒட்டியும் அதன் பக்கத்திலும் கிடக்கும் தோல் ஊர்களைத்தான் சொல்கிறேன். ஒருவருக்குத் தாம் வாழும் ஊர்மீது எவ்வளவு ஒட்டுதல் என்று அளக்க வருகிறவர்கள் சில கேள்விகளைக் கையோடு கொண்டுவருவார்கள். இந்த ஊர் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? தண்ணீர், சாலை, பள்ளிக்கூடம் திருப்தியா? ஐந்துக்கு எத்தனை மதிப்பெண்? ஊர் நன்றாக இருந்தால் ஒட்டுதல் கூடும், ஊர் கெட்டால் குறையும் என்ற நம்பிக்கை இந்தக் கேள்விகளுக்கு அடியில் கிடக்கிறது. பாலாற்றங்கரையில் இந்த நம்பிக்கை செல்லுபடியாகாது. இங்கே ஊர் கெட்டபோதுதான் ஒட்டுதல் வெளியே தெரிந்தது, அதுவும் கோர்ட்டு வாசலில். ஊர்மீதான ஒட்டுதலைத் திருப்தியில் தேடுவது வீண் வேலை என்பதும், அதைப் பாத்தியதையில் தேட வேண்டும் என்பதும் என் வாதம். இது என் ஊர், இதைக் கெடுத்தவர் யாராக இருந்தாலும் எனக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்கும் இடத்தில்தான் அதன் அளவு தெரியும்.

இந்த ஊர்கள் எப்படி உண்டாயின என்று முதலில் பார்க்க வேண்டும். தோல் பதனிட மரப்பட்டை வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆள் வேண்டும். ஆவாரம்பட்டைக்கும் கடுக்காய்க்கும் பஞ்சமில்லை. பாலாற்றில் வெள்ளம் ஓடுவது சில நாள்தான் என்றாலும் மணலுக்குள் தண்ணீர் இருந்தது. ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கு இழுத்தார்கள். குடிப்பதற்குக் கையாலேயே மணலைத் தோண்டி எடுத்தார்கள். 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. சென்னைத் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்ப இந்தப் பள்ளத்தாக்குக்கு மற்றவர்களுக்கு முந்தியே வழி கிடைத்துவிட்டது. முதல் போட்டவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகக் குடும்பத்தினர். சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். பட்டையில் பதனிட்ட அரைப்பதத் தோல் வெகுகாலம் கப்பலேறி லண்டனுக்குப் போயிற்று. 1970-களில் மத்திய அரசு பச்சைத்தோலும் அரைப்பதத் தோலும் வெளியே போவதைக் கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலாகவும் செருப்பாகவும் ஏற்றுமதி செய்யச் சொன்னது. வேலை நம் நாட்டிலேயே தங்கட்டும் என்பது நியாயமான கொள்கைதான். வேலை தங்கியது, அதோடு கழிவும் தங்கியது. பட்டைத் தொட்டிகள் இருந்த இடத்தில் குரோம் டிரம்கள் சுழலத் தொடங்கின.

கழிவு என்ற சொல் பொதுவாகப் போய்விடுகிறது. ஒரு மாட்டுத்தோல், தோல் ஷாப் என்று இங்கே சொல்லும் பதனிடும் ஆலைக்குள் வருவதைக் கிட்ட நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டு மடித்து வந்திருக்கும். பிரித்து உதறினால் கல் உப்பு சரசரவென்று தரையில் கொட்டும். உதறியது போக ஒட்டியிருப்பது முதல் ஊறலிலேயே தண்ணீரில் கரைந்துவிடும். அதற்குப் பிறகு சுண்ணாம்பு, மயிர் நீக்கல், சவ்வு சீவல், அமிலம், குரோம். ஒரு கிலோ தோலுக்கு முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் செலவாகும். ஊர் வாயில் அடிபடுவது என்னவோ குரோமியம்தான். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மேட்டைப் பார்க்கிறவர்களுக்கு அதில் வியப்பிருக்காது. 2006-ல் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஓர் அமெரிக்க அமைப்பு போட்ட பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது. ஆனால் விவசாயியை வயலிலிருந்து எழுப்பியதில் பெரும்பங்கு உப்புக்குத்தான். குரோமியத்தைச் சுத்திகரிப்பில் பெருமளவு படியவைத்துப் பிடித்துவிடலாம். உப்பு பிடிபடாது. கரைந்தபடியே மணலில் இறங்கும், கிணற்றில் ஊறும். அந்தக் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த வயலில் வெயில் ஏறினால் வெள்ளை பூக்கும். நெல் முளைத்து மஞ்சளடிக்கும். தென்னை உடனே சாகாது, வருஷத்துக்கு வருஷம் காய் சிறுத்துக்கொண்டு போகும். இன்ன தேதியில் என் நிலம் போயிற்று என்று ஒருவராலும் சொல்ல முடியாத நஷ்டம் இது.

ஆஸ்திரேலியாவில் ஹன்டர் பள்ளத்தாக்கின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவில் வாழ்கிறவர்களைப் பார்த்த கிளென் ஆல்பிரெக்ட் என்ற தத்துவப் பேராசிரியர், அவர்களுடைய மனநிலைக்கு ‘சோலாஸ்டால்ஜியா’ என்று ஒரு புதுப்பெயர் வைத்தார். ஊரைவிட்டுப் போனவர் ஊருக்காக ஏங்குவது நமக்குத் தெரிந்தது. ஆள் ஊரிலேயே இருக்க, ஊர் ஆளைவிட்டுப் போய்விடுவதால் வரும் ஏக்கத்துக்கு அவர் பெயர் வைத்தார். நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் பாலாற்றங்கரைக்கு அந்தச் சொல் போதாது என்று நினைக்கிறேன். இங்கே ஏங்கியதோடு யாரும் நிற்கவில்லை. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் சொன்ன கணக்கின்படி, தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போயிருந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு இல்லாமல் இயங்கக் கூடாது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும். கேடு வரும் என்று தெரிந்தால் ஆதாரம் முழுமையாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். கடைசி இரண்டும் இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு அடித்தளமாயின. இன்று நாட்டின் எந்தச் சட்டக் கல்லூரியிலும் ‘வேலூர் வழக்கு’ என்றால் மாணவர்களுக்கு இதுதான். கோட்டையைவிட, சிப்பாய்ப் புரட்சியைவிட, வேலூர் என்ற பெயரை அதிகத் தடவை எழுத வைத்தது ஒரு மனு என்று சொன்னால்கூட மிகையாகாது.

அந்தத் தீர்ப்பையொட்டி அமைக்கப்பட்ட இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சில் தன் கணக்கைச் சொன்னது. வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். 547 தோல் ஷாப்புகளிடமிருந்து வாங்கிக் கொடுக்க வேண்டிய தொகை ஏறக்குறைய 26 கோடியே 82 லட்சம். வகுத்துப் பாருங்கள்: தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வரவில்லை. இந்தச் சராசரியைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். பட்டாவைத் தேடி எடுத்து, சர்வே எண் சரிபார்த்து, கிணற்றைக் காட்டி, அதிகாரியின் வருகைக்குக் காத்திருந்து, பல ஆண்டு அலைந்த பிறகு கைக்கு வரக்கூடியது ஒரு ஜோடி உழவு மாட்டின் விலைகூட இல்லை. பணத்துக்காக மட்டும் இந்த அலைச்சல் என்றால் கணக்குத் தெரிந்த விவசாயி பாதியிலேயே விட்டிருப்பார். விடவில்லை. இழப்பீடு முழுதாகச் சேரவில்லை, மாசும் நிற்கவில்லை என்று வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு திரும்பவும் நீதிமன்றம் போனது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொன்னது: அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும்; ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றைச் சீர்ப்படுத்தும் வேலையைக் கண்காணிக்க வேண்டும். முதல் மனுவுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே முப்பத்து மூன்று ஆண்டு ஓடிவிட்டது. ஒரு தலைமுறை கடந்து நீடிக்கிற கோரிக்கையை வெறும் பண ஆசை என்று எழுதித் தள்ள முடியாது. ஒரு நிறுவனமோ நாடோ சீரழியும்போது அதிலிருப்பவர்களுக்கு வெளியேறுவது, குரல் கொடுப்பது என்று இரண்டு வழி உண்டு, பற்று உள்ளவர் குரல் கொடுப்பார் என்று பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் எழுதினார். பாலாற்றங்கரைக்கு அவர் வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தால் தம் புத்தகத்துக்கு ஓர் அத்தியாயம் சேர்த்திருப்பார்.

இங்கே ஒரு மறுப்பு எழும், பலமான மறுப்பு. போக இடமில்லாமல் கிடப்பவர்களைப் பற்றுள்ளவர்கள் என்று அழகுபடுத்துகிறீர்களே, கெட்ட நிலத்தை யார் வாங்குவார், விற்க முடியாதவர் எங்கே போவார் என்று கேட்பார்கள். கேள்வியில் உண்மை இருக்கிறது. நிலம் விலைபோகாமல் சிக்கிக்கொண்டவர்கள் ஏராளம். ஆனால் இந்த மண்ணின் மக்களுக்கு வெளியேறத் தெரியாது என்று சொன்னால் வரலாறு சிரிக்கும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகம் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் மிகப் பலர். அந்தக் கப்பல் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதியோடு மாவட்டம், தாலுகா, கிராமம் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதிவைத்த அந்தக் கிராமப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நாலாம் தலைமுறைப் பேரப்பிள்ளைகள் இன்றும் மூதாதையர் ஊரைத் தேடுகிறார்கள். சென்னையும் பெங்களூரும் ஆம்பூரிலிருந்து ரயிலில் சில மணி நேரம். வாசல் நூற்றைம்பது வருஷமாகத் திறந்தே இருக்கிறது. அப்படியிருக்க ஒருவர் தங்குகிறார் என்றால் அதில் கட்டாயமும் இருக்கும், விருப்பமும் இருக்கும். இரண்டையும் கத்தரித்துப் பிரிக்க முயல்வது ஆய்வாளர்களின் பொழுதுபோக்கு. வாழ்கிறவர்களிடம் அவை பின்னிக் கிடக்கின்றன.

வெளியேறியவர்களின் கதையும் என் பக்கம்தான் சாய்கிறது. பாலாறு பாய்ந்துவரும் கோலார் மாவட்டத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டியபோது இறங்கியவர்களில் மிகப் பலர் வட ஆற்காட்டுத் தலித்துகள். ஆற்றின் போக்குக்கு எதிர்த்திசையில் நடந்து போனவர்கள் என்று சொல்லலாம். சாதி பார்த்து ஒதுக்கிய ஊரைவிட்டு, பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைக்கிற இடத்துக்குப் போனார்கள். வரிசை வீடுகளில் குடியேறினார்கள். அங்கே சங்கம் கட்டினார்கள், படிப்பகம் வைத்தார்கள், அதையே ஊராக்கினார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வேலை போன பிறகும் ஊர் கலையவில்லை. விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் வேலை பார்த்து இரவில் திரும்பிவந்து அதே வரிசை வீட்டில் படுக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த வீடுகளை எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுங்கள் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. பக்கத்தில் சயனைடு கழிவு மேடு. வசதி என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. ஆனாலும் அது அவர்களுக்கு ஊர். இது இங்கே மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் வெஸ்ட் எண்ட் பகுதியைச் சேரி என்று முத்திரை குத்தி 1950-களின் கடைசியில் இடித்துத் தள்ளியபோது, நல்ல வீட்டுக்குப் போன பிறகும் அதன் மக்கள் சாவு விழுந்த வீட்டார் போலத் துக்கம் காத்ததை மார்க் ஃப்ரீட் என்ற ஆய்வாளர் 1963-ல் எழுதினார். திட்டமிடுகிறவருக்குச் சேரியாகத் தெரிவது வாழ்கிறவருக்கு ஊர் என்பது அங்கே அறுபது ஆண்டுக்கு முன்பே நிரூபணமாயிற்று. நம் வீட்டு வசதி வாரியங்கள் அதை இன்னும் படித்த மாதிரி தெரியவில்லை.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். பாத்தியதைதான் பற்று என்றால், ஊரைக் கெடுத்த முதலாளிகளுக்கும் அது இருந்ததே என்பார்கள். இருந்தது, நான் மறுக்கவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் தோன்றியது. ஆம்பூருக்குப் பக்கத்தில் உமராபாத் ஜாமியா தாருஸ்ஸலாம் 1924-ல். மேல்விஷாரத்தில் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் 1965 முதல் கல்லூரி நடக்கிறது. 1969-ல் ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம் கல்லூரி. பள்ளிகள், மருத்துவமனைகள், பள்ளிவாசல்கள் என்று இந்தப் பட்டியல் நீளும். தோலில் வந்த பணத்தைச் சென்னைக்கோ பம்பாய்க்கோ முழுக்கக் கொண்டுபோகாமல் பெற்ற ஊரிலேயே போட்ட குடும்பங்கள் இவை. தமிழ்நாட்டின் வேறு எத்தனை தொழில் நகரங்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்? ஆனால் தருமத்துக்கும் கணக்குக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கல்லூரி கட்டுகிறவர் தம் விருப்பப்படி, தாம் தேர்ந்த இடத்தில், தாம் தேர்ந்த தொகையைக் கொடுக்கிறார். கிணறு கெட்டவருக்குக் கொடுக்க வேண்டியதை அவர் தீர்மானிக்க முடியாது. கேட்கிறவர்தான் தொகையைச் சொல்வார். முதலாளியின் ஊர்ப்பற்று ஊருக்குக் கொடையாளியாக இருந்தது. ஊருக்குக் கடனாளியாக இருக்க அது சம்மதிக்கவில்லை. நீதிமன்றம் கட்டாயப்படுத்திய பிறகு ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முழுமூச்சாக வேலைசெய்யத் தொடங்கின. அதே அக்கறை அதற்கு இருபது ஆண்டு முன்னால் தானாக வந்திருந்தால் மனுவுக்கே வேலை இருந்திருக்காது. பற்று இருந்தும் ஊர் கெட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாவது மறுப்பைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மேடையேற்றப்படுவதில்லை. ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஊர் என்ற சொல்லே நம் வழக்கில் எல்லோரையும் சேர்த்ததில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். கிராமத்தைப் புகழ்ந்து பேசியவர்களுக்கு அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அம்பேத்கர் கொடுத்த பதில் எல்லோருக்கும் தெரியும். குறுகிய மனமும் சாதியும் குடியிருக்கும் இடமாகத்தான் அவர் அதைப் பார்த்தார். பேரணாம்பட்டில் பிறந்த அழகிய பெரியவன் எழுதிய ‘தகப்பன்கொடி’ நாவல், கையிலிருந்த நிலம் நழுவிப்போன ஒரு தலித் குடும்பத்தின் கதையைச் சொல்வது. அப்படி நிலம் நழுவவிட்டவரிடம் போய் ஊர்ப்பற்று பேசுவது அநியாயம் இல்லையா? இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். மாறாக அதன் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கிறது. 29,193 பேர் பட்டியல் நிலத்தையும் கிணற்றையும் வைத்து எழுதப்பட்டது. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீரில் கை வெந்தவருக்கும், தொட்டியில் இறங்கி விஷவாயுவில் செத்தவரின் வீட்டாருக்கும் அதில் கட்டம் இல்லை. அவர்கள் ஊருக்குக் கொடுத்தது நிலத்தைவிடக் குறைந்ததா? டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் திண்டுக்கல் தொழிலாளரைப் பற்றியது என்றாலும் அதில் வரும் தொழிலாளர் கேட்பதும் இதுதான்: உழைப்பால் இந்த இடத்தை உண்டாக்கினோம், ஆகவே இதில் எங்களுக்குப் பேச்சு உண்டு. நிலத்தால் வரும் பாத்தியதை ஒன்று. உழைப்பால் வரும் பாத்தியதை இன்னொன்று. முதலாவதற்குப் பட்டா சாட்சி. இரண்டாவதற்குச் சாட்சி உடம்பு மட்டும்தான்.

இன்று அந்த இரண்டாவது பாத்தியதை அதிகம் பெண்களிடம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஆம்பூரைச் சுற்றிய கிராமங்களின் முனையில் நின்றால் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். கழுத்தில் அடையாள அட்டை, தலையில் ரெண்டு முழம் மல்லி, கையில் டிபன் டப்பா. அப்பா குழியில் இறங்கியவர், மகள் தையல் மிஷினில் ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கிறவள் என்ற குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. கம்பெனிக்குப் போகாதவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே ஜோடிக்கு இவ்வளவு என்று அப்பர் தைக்கிறார்கள். ஐரோப்பியக் கடைக் கண்ணாடியில் நிற்கும் ஷூவில் அந்தத் திண்ணையின் பெயர் இருக்காது. ஆனால் தொட்டி சுத்தமாகிறதா, தண்ணீர் குடிக்க லாயக்கா, ஊர் இருக்கிறதா போகிறதா என்று மற்றவரைவிட அதிகம் கவலைப்பட வேண்டியவர்கள் அவர்கள். வேலையும் அங்கேயே, குடமும் அங்கேயே. இவர்களிடம் போய் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் தண்ணீருக்கு ஒன்று போடுவார்கள், ஊருக்கு ஐந்து போடுவார்கள். அந்த இரண்டு எண்களும் முரண்படுவதாக எழுதிக்கொள்கிற ஆய்வாளருக்குப் பாதி விஷயம் புரியவில்லை.

நேற்று வந்தவருக்கு என்ன பாத்தியதை என்று ஒரு முணுமுணுப்பும் கேட்கும். ஊர்ப்பற்று பேசுகிற இடத்தில் வெளியூர்க்காரர்மீதான வெறுப்பு பின்வாசல் வழியாக நுழைவது புதிதில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஊரின் கழிவு ஊரில் பிறக்காதவர்களை முதலில் விழுங்கியது. ஓர் ஊர் இன்னொருவரின் உயிரையே வாங்கிய பிறகு, உனக்கு இங்கே என்ன உரிமை என்று அவருடைய வீட்டாரைக் கேட்க யாருக்கு வாய் வரும்? எல்லா ஊரையும் தம் ஊராகச் சொன்ன சங்கப் புலவரையே நாம் பூங்குன்றம் என்ற அவருடைய ஊரின் பெயரைச் சேர்த்துத்தான் அழைக்கிறோம். அவருக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. நமக்கு மோதுகிறது என்றால் கோளாறு ஊர்ப்பற்றில் இல்லை, அதைச் சொத்துப் பத்திரமாக நாம் சுருக்கியதில் இருக்கிறது.

தொழில் போய்விடும் என்ற பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீட்டாமல். வழக்குப் போடுகிறவர்கள் சோற்றில் மண் போடுகிறார்கள் என்ற பேச்சு முப்பது ஆண்டாக இருக்கிறது. 1996 தீர்ப்பை எடுத்துப் பாருங்கள்: தோல் தொழில் அந்நியச் செலாவணி கொண்டுவருகிறது, வேலை தருகிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் அது பேசுகிறது. அதற்காக மண்ணையும் தண்ணீரையும் கெடுக்க உரிமை இல்லை என்றுதான் சொல்கிறது. வழக்குக்குப் பிறகும் ஆம்பூர் ஷூ ஏற்றுமதி செய்துகொண்டுதான் இருக்கிறது. தொழிலைக் கொன்றது வழக்கு என்று சொல்கிறவர்கள், ஆற்றைக் கொன்றது எது என்ற கேள்வியை மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள்.

ஒட்டுதல் எந்த அளவிலான இடத்தின்மீது என்பதற்கும் இங்கே விடை கிடைக்கிறது. வட ஆற்காடு 1989-ல் பிரிந்து இந்தப் பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாயிற்று. பிறகு வேலூர் மாவட்டமாயிற்று. 2019 நவம்பரில் அதுவும் மூன்றாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்குப் போயிற்று, பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. கலெக்டர் ஆபீஸ் எங்கே என்பது மாறியது. ஆற்றின் பக்கம் யார் என்பது மாறவில்லை. 1903 நவம்பரில் வாணியம்பாடியில் இருநூறு பேர் அளவுக்கு உயிர் குடித்த ஆறு இது. 2021 நவம்பரில் அதே பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்த சங்கடத்துக்கு நடுவிலும் பாலங்களில் நின்று பார்க்கக் கூட்டம் கூடியது. வெள்ளத்தை வேடிக்கை பார்ப்பது எங்கும் உண்டு. பிள்ளைகளைத் தூக்கிவந்து, இதுதான் நம் ஆறு என்று காட்ட வேண்டிய நிலை எல்லா ஊருக்கும் வராது.

உச்ச நீதிமன்றம் 2025-ல் சொன்னபடி இழப்பீட்டுக் கணக்கு மறுபடி எடுக்கப்படும் நிலையில் இருக்கிறோம். இந்த அவையில் அதிகாரிகள், வழக்கறிஞர்கள், ஆய்வு மாணவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள்தான் வைக்கிறேன். இந்த முறை அச்சிடும் படிவத்தில் பட்டா எண், சர்வே எண், கிணற்றின் ஆழம் கேட்கும் கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள்: எத்தனை ஆண்டு இந்த ஊரில் வேலை செய்தீர்கள்? உடம்பில் என்ன கெட்டது? குத்தகைக்காரரும், தொட்டி கழுவியவரும், திண்ணையில் அப்பர் தைக்கிறவரும், வங்காளத்திலிருந்து வந்தவரும் நிரப்பும்படி அந்தப் படிவம் தமிழில் இருக்கட்டும், உருதுவில் இருக்கட்டும், வங்க மொழியில் இருக்கட்டும்.